கரிசல் புழுதியில் ஓடும் லோடு வண்டிக்கு எந்த பிளக்?

"அண்ணாச்சி, குட்டியானைக்கு ரெண்டு பிளக் குடுங்க."

கோவில்பட்டியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன குரல். கேட்பவருக்கு அவசரம். வெளியே தீப்பெட்டி பண்டல் ஏற்றிய வண்டி நிற்கும். இல்லையென்றால் மக்காச்சோள மூட்டையோடு கமிஷன் கடைக்குப் போக வேண்டிய வண்டி நிற்கும். ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சரியான பிளக்கை எடுத்துக்கொடுக்க யாராலும் முடியாது. வண்டி பெட்ரோலா டீசலா, பெட்ரோலோடு சிஎன்ஜியும் உண்டா, எந்த வருடத்து வண்டி, எந்த இன்ஜின் என்று நான்கு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. கடைக்காரர் பழக்கத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவார். மரை பொருந்தும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். சில வாரம் கழித்து எட்டயபுரம் ரோட்டில் லோடோடு ஏறும்போது மிஸ் அடிக்கத் தொடங்கினால், பழி பிளக் கம்பெனி மேல் விழும்.

முதலில் தீர்க்க வேண்டியது, அந்த வண்டியில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா என்பதைத்தான்.

டாடா நிறுவனம் 2005-ல் கொண்டுவந்த ஏஸ், 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு வந்தது. தமிழ்நாட்டில் குட்டியானை என்ற பெயர் வாங்கியது அந்த வண்டிதான். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தும் டீசல். கரிசல் காட்டு ஊர்களில் உரமூட்டையும் வைக்கோலும் ஏற்றும் பொலேரோ பிக்கப்களில் பெரும்பாலானவையும் டீசல். டீசல் இன்ஜினில் காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் தீப்பிடிக்கிறது. பொறிக்கு அங்கே வேலை இல்லை. அந்த இன்ஜின்கள் பலவற்றில் இருப்பது ஹீட்டர் பிளக். காலையில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற விளக்கு எரிந்து அணைகிறதே, அந்த நேரத்தில் பழுத்துச் சூடாகி முதல் தீயைப் பிடிக்க வைப்பது அது. பட்டறைகளில் இரண்டையும் 'பிளக்' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. ஹீட்டர் பிளக் கெட்டால் ஓடும் வண்டி மிஸ் அடிக்காது. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப்புகை கக்கும். கோவில்பட்டியின் சித்திரை வெயிலில் இந்தக் கோளாறு ஒளிந்துகொண்டிருக்கும். மார்கழி விடியலில் சந்தைக்குக் கிளம்பும்போது வெளியே வரும். டீசல் வண்டிக்காரருக்கு இந்த அத்தியாயத்தில் இதற்கு மேல் வேலை இல்லை.

லோடு வண்டிக்காரர்களுக்கு ஸ்பார்க் பிளக் பெரிய விஷயமானது 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு. அன்று முதல் பிஎஸ்6 புகை விதி அமலுக்கு வந்தது. சின்ன டீசல் இன்ஜினின் புகையை அந்த அளவுக்குச் சுத்தம் செய்யச் செலவு அதிகம். அதனால் சிறிய வண்டிகளில் பெட்ரோலும் சிஎன்ஜியும் இடம் பிடித்தன. ஏஸ் கோல்டு பெட்ரோல் 694 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. 2016-ல் 793 சிசி டீசலில் அறிமுகமான மாருதி சூப்பர் கேரி, டீசலைக் கைவிட்டு 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் மாறியது.

ஒரே பெயரில் ஓடும் வண்டிக்குள் வேறு வேறு இன்ஜின் இருக்கலாம் என்பதற்குச் சூப்பர் கேரியே நல்ல உதாரணம். முதலில் வந்த பெட்ரோல் வண்டியில் இருந்தது ஜி12பி இன்ஜின். 2023-ல் அதை மாற்றி, கே சீரிஸ் டூயல்ஜெட் என்ற வேறு இன்ஜினை வைத்தார்கள். இரண்டுமே 1.2 லிட்டர், இரண்டுமே நான்கு சிலிண்டர். 'சூப்பர் கேரி பிளக்' என்று கேட்டு வாங்கினால் எதற்கு உரியது கையில் வரும் என்று சொல்ல முடியாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதமும் வருடமும், வண்டியோடு வந்த கையேட்டில் அச்சான பிளக் எண்ணும்தான் கேட்டு வாங்க வேண்டியவை. பழையதாக வாங்கிய வண்டி, கையேடு இல்லை என்றால், சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கம்பெனி உதிரிபாகக் கடையில் விசாரித்தால் எண் கிடைத்துவிடும். இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்றி அதன் எண்ணைப் பார்த்து வாங்குவது கடைசி வழி. முந்தைய உரிமையாளர் தப்பான பிளக் போட்டிருந்தால் அந்தத் தப்பு அப்படியே தொடரும்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக அச்சடித்திருப்பது வெறும் கம்பெனி அடையாளம் இல்லை. அந்த பிளக்கின் அளவு முழுவதும் அதில் இருக்கிறது. என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6இ-11 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பி என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். கே என்பது 16 மில்லிமீட்டர் ஸ்பானர் பிடிக்கும் அறுகோணத் தலை. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 6 என்பது வெப்ப எண். இ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசியில் வரும் 11, முனைகளுக்கு நடுவே 1.1 மில்லிமீட்டர் இடைவெளி என்பதைச் சொல்கிறது. பாஷ் கம்பெனி இதே வகை பிளக்கை எஃப்ஆர்7டிசி என்று எழுதும்.

இவற்றில் மரையின் நீளம் தப்பினால் சேதம் உடனடி. நீளமான பிளக்கைப் போட்டால் அதன் மூக்கு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும். குட்டையானதைப் போட்டால் பொறி, குழிக்குள் ஒளிந்துகொண்டு எரியும். ஹெட்டில் மீதமுள்ள மரையில் கரி ஏறும், பிறகு சரியான பிளக்கைப் போடும்போது அந்தக் கரி மரையை அரைக்கும். 'மரை பிடிச்சிருச்சுல்ல, ஓட்டுங்க' என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது.

ரெசிஸ்டரும் அப்படித்தான். சுமார் 5 கிலோ ஓம் அளவுள்ள இந்தச் சிறு தடை, பொறி கிளப்பும் மின்காந்த இரைச்சலை அடக்குகிறது. கார்புரேட்டர் காலத்து இன்ஜினில் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். இன்றைய வண்டியில் இன்ஜினை நடத்துவதே கம்ப்யூட்டர். அதன் சென்சார்களுக்குள் அந்த இரைச்சல் புகுந்தால் காரணம் தெரியாத கோளாறுகள் வரும். எண்ணில் ஆர் இருந்தால் மாற்று பிளக்கிலும் ரெசிஸ்டர் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து வெப்ப எண். பிளக் விஷயத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். பிளக்கின் மூக்கு, இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800, 850 டிகிரியைத் தாண்டினாலோ பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் ஓட்டையாகும் அளவுக்கு அது போகலாம். கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலைமிட்டாய்ப் பாகின் பதம் தெரியும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மிட்டாயில், பதம் வராத பாகு பிசுபிசுக்கும், பதம் தாண்டியது கருகும். பிளக்கும் இரண்டு எல்லைக்கு நடுவே நிற்க வேண்டும். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறும் வழி நீளம், பிளக் சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் உலோகக் கூட்டுக்குப் போய்விடும், பிளக் குளிர்ந்திருக்கும். முதல் வகையை ஹாட் பிளக் என்றும், மற்றதைக் கோல்டு பிளக் என்றும் சொல்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், கம்பெனிகள் இந்த எண்ணை ஒரே திசையில் எழுதுவதில்லை. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்தது. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடக்கூடச் சூடானது. என்ஜிகேயின் 6, பாஷின் 7, டென்சோவின் 20 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெப்ப நிலை. என்ஜிகேயில் 6 இருந்த இடத்தில் பாஷின் 6-ஐப் போட்டால் ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டதாகிவிடும். கம்பெனி மாற்றும்போது எண்ணைப் பொருத்திப் பார்க்காமல் அந்தந்தக் கம்பெனியின் வண்டிப் பட்டியலில் தேடுவதே சரி.

'நம்ம ஊரு வெயிலுக்குக் கோல்டு பிளக்தான் சரி' என்று சொல்பவர்கள் உண்டு. வெளியே 40 டிகிரி அடித்தாலும் 25 டிகிரி அடித்தாலும், 2,000 டிகிரியைத் தாண்டும் தீச்சுவாலைக்கு முன்னால் நிற்கும் பிளக்குக்கு அது பொருட்டே இல்லை. கனத்த லோடு ஏற்றி, இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே போவதுதான் பிளக்கைச் சூடாக்கும். அப்படி ஓடும் வண்டிக்கும் வெப்ப எண்ணை மாற்றத் தேவையில்லை. 750 கிலோ தாங்கும் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவதை நிறுத்தினால் போதும். ஒரு படி கோல்டு பிளக் போட்டுக் கொடுத்தால், அந்த வண்டி காலியாக ஊருக்குள் சுற்றும்போது கரி பிடிக்கும்.

இரிடியம் வாங்கலாமா

1902-ல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர், உயர் அழுத்த மேக்னெட்டோவுக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்கை உருவாக்கினார். இந்தியாவில் அந்தக் கம்பெனி 1951-ல் பெங்களூரில் மைக்கோ என்ற பெயரில் தொடங்கியது. 2008-ல் மைக்கோ என்ற பெயர் பாஷ் லிமிடெட் என மாறியது. வயதான மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ பிளக்' என்றுதான் கேட்பார்கள். இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பிளக்கின் அடிப்படை மாறவில்லை. மாறியது முனையின் உலோகம்.

சாதாரண பிளக்கில் நடு முனை நிக்கல் கலவை, உள்ளே செம்பு. கடைகளில் 'காப்பர் பிளக்' என்பது இதுதான். பொதுவாக 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை தாங்கும். பிளாட்டினமும் இரிடியமும் தேய்மானத்தைத் தாங்கும் உலோகங்கள். முனையை அரை மில்லிமீட்டர் கனத்துக்குக்கூட மெலிதாக்கலாம்; மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். இன்ஜின் 3,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் மணிக்கு 90,000 முறை கலவையைக் கொளுத்த வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்தால், கடினமான உலோகத்தின் அருமை புரியும்.

இருந்தாலும் 'இரிடியம்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் நடு முனை மட்டும் இரிடியம். எதிரே வளைந்து நிற்கும் கொக்கி வெறும் நிக்கல். அந்தக் கொக்கி தேய்ந்ததும் இடைவெளி விரிந்துவிடும். கொக்கியிலும் பிளாட்டினத் துணுக்கு பதித்த வகைதான் 80,000, ஒரு லட்சம் கிலோமீட்டர் பேச்சுக்குத் தகுதியானது. அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் இது எழுதியிருக்கும். இல்லையென்றால் கொக்கியின் உட்புறத்தைப் பார்த்தாலே தெரியும்.

வண்டிக் கம்பெனி சாதாரண பிளக்கைச் சொல்லியிருந்தால் சாதாரணமே போதும். இரிடியம் போட்டால் மைலேஜ் துள்ளிக் குதிக்கும் என்ற விளம்பரப் பேச்சை நம்பிச் செலவழிக்க வேண்டாம். தேய்ந்த பிளக்கைக் கழற்றிப் புதியது எதைப் போட்டாலும் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் கம்பெனி இரிடியம் சொல்லியிருக்கும் இடத்தில் மலிவான பிளக்கைப் போடுவது நஷ்டக் கணக்கு. இருக்கையைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பிளக்கை எட்டும் வேலையைப் பல மடங்கு அடிக்கடி செய்ய நேரும்.

சிஎன்ஜி வண்டியில் கணக்கு வேறு. அந்த வாயுக் கலவையின் வழியாகப் பொறி தாவக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் சுமாராக ஓடும் தேய்ந்த பிளக், சிஎன்ஜிக்கு மாற்றியதும் மிஸ் அடிப்பது இதனால்தான். சூப்பர் கேரி சிஎன்ஜி வண்டியில் பெட்ரோல் டாங்க் 5 லிட்டர் மட்டுமே, அவசரத்துக்கு வைத்தது. அதாவது அந்த பிளக் வாழ்நாள் முழுவதும் வாயுவில்தான் உழைக்கும். இப்படிப்பட்ட வண்டிக்கு கம்பெனி சொன்ன இடைவெளியைத் துல்லியமாகப் பின்பற்ற வேண்டும். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தள்ளிப்போடவும் கூடாது. வெளியில் கிட் பொருத்திய பெட்ரோல் வண்டி என்றால், கிட் கம்பெனி பரிந்துரைக்கும் இடைவெளியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அது பெட்ரோலுக்கு உரியதைவிடக் குறைவாக இருக்கும்.

புழுதியைப் படிப்பது

கரிசல் நிலத்து லோடு வண்டியில் பிளக் கெடுவதற்குப் பாதிக் காரணம் பிளக்குக்கு வெளியே இருக்கிறது. ஆனி, ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, கோடையில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் கரிசலின் மேல்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகிறது. அடுத்து ஆவணி, புரட்டாசியில் மானாவாரி நிலங்களில் புழுதி உழவும் விதைப்பும். விதையும் உரமும் ஏற்றி வண்டிப் பாதையில் போகும் சின்ன லோடு வண்டியில், ஏஸானாலும் சூப்பர் கேரியானாலும், இன்ஜின் இருப்பது இருக்கைக்குக் கீழே. முன் சக்கரம் கிளப்பும் மண் நேராக அங்கேதான் போய்ச் சேரும். விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலக் கரி ஏற்றும் வண்டிகளுக்குக் கரித்தூசி வேறு.

ஏர் ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. ஆம்னி போன்ற பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும், பிளக் கறுக்கும். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பிளக் கறுக்காது, ஆனால் வண்டிக்கு இழுவை இருக்காது. டிரைவர் 'பிக்கப் இல்ல' என்பார், பிளக்கை மாற்றுவார், ஒன்றும் மாறாது. ஃபில்டரைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அடைத்த ஃபில்டரைவிடக் கிழிந்த ஃபில்டர் ஆபத்து. பட்டறையில் கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதன் வழியே போகும் மண் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் தேய்க்கும். பிறகு இன்ஜின் ஆயில் மேலேறி எரியும், பிளக் ஈரமாகக் கறுக்கும். புது பிளக் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறையும் பிளக் வாங்கக் கடைக்கு வருபவரிடம் ஆயில் எவ்வளவு குறைகிறது என்று கேட்கும் கடைக்காரர், ஒரு விற்பனையை இழந்தாலும் ஒரு இன்ஜினைக் காப்பாற்றுகிறார். ஃபில்டரைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். புழுதிக் காலத்தில் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுவது அதைவிட மேல்.

கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டரிலிருந்து வந்தன என்ற வரிசையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு வெளிர்ப் பழுப்பாகவோ சாம்பல் வெள்ளையாகவோ இருந்தால் நலம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு போய்விட்டது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அதனால் அந்தக் காலத்து 'காப்பிக்கொட்டை நிறம்' இன்றைய பிளக்கில் தெரியாமல் போகலாம். வெளுத்திருந்தாலே கோளாறு என்று பயப்பட வேண்டாம். முனை உருகி, பீங்கானில் கொப்புளம் கண்டிருந்தால்தான் சூடு மிஞ்சியது என்று அர்த்தம்.

காய்ந்த கரி, பெட்ரோல் மிஞ்சியதையோ பிளக் போதுமான அளவு சூடாகாததையோ காட்டும். கோவில்பட்டித் தெருக்களில் வீடு வீடாகத் தீப்பெட்டி வேலைக்குச் சாமான் இறக்கி ஏற்றும் வண்டி, பத்து நிமிடம் ஓடி அரை மணி நிற்கும். அதன் பிளக் 450 டிகிரியை எட்டுவதே அரிது. அந்த வண்டியை வாரம் ஒரு முறை நான்குவழிச் சாலையில் சாத்தூர் வரை ஓட்டி வந்தால் கரி பாதி எரிந்துவிடும்.

ஒரே ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அந்த சிலிண்டரில் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. எல்லாமே ஒரே மாதிரி கறுத்திருந்தால் குற்றம் பொதுவான இடத்தில்: ஃபில்டர், சென்சார், எரிபொருள். பீங்கானும் உலோகக் கூடும் சேரும் இடத்தில் காணும் பழுப்பு வளையம் பலரைப் பயமுறுத்துகிறது. புகை கசிந்த கறை அல்ல அது. உயர் மின்னழுத்தத்தால் சுற்றியுள்ள தூசு ஒட்டிய தடம்; தீங்கில்லை. பீங்கானின் மேல் நெடுக்காகப் பென்சில் கோடு போல ஓடும் கறுப்புத் தடம்தான் கெட்ட அறிகுறி. பொறி உள்ளே குதிக்காமல் வெளியே வழிந்த பாதை அது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒட்டிய கரிசல் சேற்றைக் கழுவ, இருக்கைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளில் இது சாதாரணம். பிளக் குழியில் தேங்கும் நீரும் தூசியும் மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கின்றன. அந்த பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும்.

பழைய பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்த்துத் திரும்பப் போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். பிரஷின் உலோகத் துகள் பீங்கானில் ஒட்டிப் பொறியைத் திருடும். மெல்லிய இரிடியம் முனையை உப்புத்தாளால் தொடவே கூடாது.

வாங்குவதும் பூட்டுவதும்

போலி பிளக் உண்டு. பிரபலமான பெயர்களில்தான் அதிகம் உண்டு. அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் பொருளைப் பார்க்க வேண்டும். நல்ல பிளக்கில் கொக்கி நடு முனைக்கு நேராக நிற்கும், மரை வழவழப்பாக இருக்கும், எழுத்து நகத்தால் சுரண்டினால் வராது, வாஷர் கையால் சுற்றினால் கழன்று விழாது. நான்கு வாங்கினால் நான்கும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். பில் கொடுக்கும் கடையில் வாங்குவதும், சந்தை விலையில் பாதிக்குக் கிடைப்பதைத் தொடாமல் இருப்பதும் போதுமான பாதுகாப்பு. கீழே விழுந்த பிளக்கை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், இன்ஜினில் போடக் கூடாது.

பெரும்பாலான பிளக்குகள் இடைவெளி சரியாக வைத்தே வருகின்றன. இருந்தாலும் வழியில் இடிபட்டிருக்கலாம் என்பதால் கம்பி கேஜை விட்டு ஒரு முறை பார்க்க வேண்டும். சரிசெய்வதானால் கொக்கியை மட்டும் வளைக்க வேண்டும். நடு முனையை ஊன்றி நெம்பினால் பீங்கான் போய்விடும்.

கழற்றும் வேலை இன்ஜின் ஆறிய பிறகுதான். ஹெட் அலுமினியம்; சூட்டில் திருகினால் மரை கையோடு வரும். அதற்கு முன்பு பிளக் குழியைக் காற்றால் நன்றாக ஊத வேண்டும். கரிசல் காட்டில் ஓடிய வண்டியின் குழியில் ஒரு சிட்டிகை மண்ணாவது கிடக்கும். ஊதாமல் கழற்றினால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

பூட்டும்போது கடைசி வரை கையால் திருக வேண்டும். 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள புது பிளக் என்றால், கையால் இறுகியதற்குப் பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சட்டம். ஏற்கனவே ஒரு முறை பூட்டிய பிளக்கைத் திரும்பப் போட்டால் வாஷர் நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்த வேண்டும். வழுக்கலில் அளவுக்கு மேல் இறுகி மரை இழுபட்டுப் போகும். அப்படிப் போன மரைக்குள் புதிதாக வெட்டிக் கம்பிச்சுருள் திணித்துச் சரிசெய்யலாம். அதற்கு ஆகும் கூலியில் பல செட் பிளக் வாங்கலாம்.

இந்த வட்டாரத்துக்கு என்றே ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, பாடியில் சாய்த்து வைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது பழைய மெக்கானிக் பழக்கம். தீப்பெட்டியோ மருந்துச் சாமானோ ஏற்றிய வண்டியில், சிலிண்டரிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும்போது, 20,000 வோல்ட்டைத் தாண்டும் பொறியைத் திறந்த வெளியில் விடுவது கூடவே கூடாது. காலி வண்டியிலும் வேண்டாம். இன்றைய காயிலும் கம்ப்யூட்டரும் அந்தச் சோதனையில் எரிந்துபோகக் கூடும்.

அதற்கு வேறு வழி இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லோடோடு போகும் வண்டி வழியில் மிஸ் அடித்து, இன்ஜின் விளக்கு மின்னத் தொடங்கினால், அதே வேகத்தில் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும்; அதன் விலை பிளக் விலையோடு ஒப்பிடக்கூடியது அல்ல. ஸ்கேனர் உள்ள பட்டறையில் காட்டினால் பி0301, பி0302 போன்ற எண் வரும். கடைசி இலக்கம், மிஸ் அடிக்கும் சிலிண்டரைச் சொல்லும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்ஜினில், அந்த சிலிண்டரின் காயிலையும் பக்கத்து சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் பூட்டி, எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு காயிலோடு சேர்ந்து பக்கத்துக்கு நகர்ந்தால் காயில்தான் போயிருக்கிறது. பிளக் அப்படியே இருக்கட்டும். கோளாறு அதே இடத்தில் நின்றால் அடுத்ததாக இரண்டு பிளக்குகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டிய நேரம். பிளக் கடைப் பக்கம் போக வேண்டியதில்லை.